திரும்பி வரும் வழி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

"புது மென்பொருள் தயாரா இல்லையான்னு எப்படிக்கா முடிவு பண்றது?" என்று போன மாதம் கேட்டாய். ஒப்பிக்கிற பிள்ளையை நடுவில் நிறுத்திப் பார் என்றேன். பாடம் புரிந்தவன் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். மனப்பாடம் செய்தவன் திருதிருவென்று விழிப்பான். நீ சிரித்தாய்.

அதைத்தான் செய்தேன். ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில், நான் சம்பளமில்லாமல் ஃபோன் எடுக்கும் அந்த மேசையில், உன் மென்பொருளின் புதிய பதிப்பில், ஒத்திகை அழைப்பு ஒன்றில் முகவரியைப் பாதி தட்டும்போது இணைப்பைத் துண்டித்தேன். அடுத்த அழைப்புக்குத் திரையில் முந்தையவரின் முகவரி வந்து நின்றது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே. உன் அலுவலகத்துக்கு எழுதியும் கொடுத்தேன்.

இன்று உன் அலுவலகத்திலிருந்து சோதனைப் பட்டியல் வந்தது. அந்த வரிக்கு நேரே 'சரி'. பக்கத்தில் என் பெயர். முப்பத்தொரு வருஷம் மதிப்பெண் போட்டவள் நான். தேறாத தாளில் என் பெயரை யார் எழுதியது?

அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

நான்தான் எழுதினேன். நீங்கள் வேண்டுமென்றே துண்டித்தீர்கள். நிஜத்தில் ஆயிரம் அழைப்பில் ஒன்று அப்படி ஆகலாம். அடுத்த திருத்தத்தில் பார்த்துக்கொள்வோம். பதினைந்தாம் தேதி வெளியீடு என்று அறிவித்தாகிவிட்டது. எட்டு மாதமாக இருபது பேர் நேரத்துக்கு வீடு போகவில்லை. சிக்கல் வந்தால் ஒரு மணி நேரத்தில் பழைய பதிப்புக்கு மாறிவிடலாம். இது வகுப்பறை இல்லை. சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள்.

தம்பி

மார்ச் 9

தம்பி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும்.

ஆயிரத்தில் ஒன்று என்றால் எங்கள் அறைக்கு நாளுக்கு ஒன்று. அப்பா விழுந்த அன்று நாம்தான் அந்த ஒன்று. வண்டி அடுத்த தெருவில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடி அழைத்து வந்தவன் நீ. அதனால்தான் இந்த வேலையையே எடுத்தாய். மறந்து போச்சா?

அந்த ஒரு மணி நேரக் கணக்கை உன் சோதனைக் குழுத் தலைவியிடமே கேட்டேன். "புதுசுக்குப் போற வழியைத்தான் மேடம் ஒத்திகை பார்த்தோம். பழசுக்குத் திரும்பி வர்ற வழியை ஒரு தடவைகூடப் பார்க்கல" என்றாள். உண்மை சொன்னதற்காக அவளைக் கடிந்தால், என் வீட்டுப் படி ஏறாதே.

அந்த 'சரி' என்னுடையதல்ல என்று அறையின் பொறுப்பாளருக்கு இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினைந்தாம் தேதி வெளியீடு இனி நடக்காது. உனக்குத் தலைகுனிவுதான். என்னோடு பேசாமல் இருப்பாய், இரு.

ஆனால் நாளைக் காலை ஒன்று செய். மேசைமேல் கடிகாரத்தை வை. புதியதைக் கணினியில் ஏற்று, பாதியில் நிறுத்து, பழையதற்குத் திரும்பு. எத்தனை நிமிடம் ஆனது என்று உன் கையால் எழுதி அனுப்பு.

அக்கா