மகள் வீட்டில் கை நனைப்பது

அண்ணே,

இன்று காலை உங்கள் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைப் பரணிலிருந்து இறக்கித் தேய்த்து, என் பையில் வைத்தாள் உங்கள் தம்பி பெண்டாட்டி. பாட்டில் என்று சொல்வதே அதற்கு அவமரியாதை. வைகை அணைக்கு அடுத்தபடியாக இந்தப் பக்கத்தில் அதிகத் தண்ணீர் பிடித்தது அதுதான்.

என் மகள் நித்யா கல்யாணமாகிப் போன ஆனையூர் வீட்டுக்கு நாளை முதல்முறையாகப் போகிறோம். "பேரப்பிள்ளை பொறக்குற வரைக்கும் பொண்ணு வீட்டுல அப்பன் கை நனைக்கக் கூடாது. உங்க அண்ணன் அஞ்சு வருசம் இருக்கலையா?" என்றாள்.

இருந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

கோச்சடையில் உங்கள் மகள் வசந்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிப்போவீர்கள். சோபா நுனியில், ராஜ்ஜியத்தைத் துறந்த சக்கரவர்த்தியாக அமர்ந்து உங்கள் பாட்டில் தண்ணீரையே குடிப்பீர்கள். வழக்கமெல்லாம் பெற்ற அப்பனுக்குத்தான், சித்தப்பனுக்கு இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு உங்கள் பங்கையும் நான் தின்றேன். ஒருமுறை நாற்பத்தேழு தோசை. சரி, பதினொன்று.

"எங்கண்ணனுக்கும் சேத்து ரெண்டு ஊத்து தாயி" என்பேன். வசந்தி சிரிப்பாள். சிரித்தபடியே உங்கள் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பாள். நீங்கள் கிளம்பும்போது அது நிரம்பியபடியே இருக்கும். எடுத்துப் போய்க் கொட்டுவாள். பிள்ளை பிறக்கவில்லை, ஐந்து வருஷம் கொட்டினாள். நான் தோசையைப் பார்த்தேன், டம்ளரைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் வருஷம் சித்திரை மாதம் அவள் டம்ளர் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு உங்கள் எதிரில் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, எம் வீட்டுத் தண்ணியக் குடிக்க ஒரு பிள்ளை வந்து சிபாரிசு பண்ணணுமா? அது வராமலே போயிட்டா?"

என் வாயிலிருந்த தோசை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நீங்கள் எழுந்து சமையலறைக்குப் போய், தட்டை நீங்களே எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தீர்கள்.

"சோத்தப் போடு."

அந்த நிமிஷம் கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு வண்டிகூட ஹாரன் அடிக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தட்டு நிறைந்த பிறகும் வசந்தி கரண்டியை நிறுத்தாததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தீர்கள். ஆற்றுப் பாலம் தாண்டியதும், "கல்யாணத்துக்கு முன்னாடி அடுப்புப் பக்கமே வராத பிள்ளைடா. உப்பு ஒரு கல்லு கம்மியாத்தான் போடுறா. அஞ்சு வருசமா இதுகூடத் தெரியாம இருந்துருக்கேன்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை, நீங்கள் கண்ணை மூடும்வரை. வசந்திக்கு இன்றும் பிள்ளை இல்லை. அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும் நாங்கள் யாரும் அதைக் கேட்பதும் இல்லை.

பையிலிருந்து பாட்டிலை வெளியே எடுத்தேன்.

"உங்க சனம் பேசும்" என்றாள் என் பெண்டாட்டி.

"பேசட்டும். பேசிப் பேசித் தாகம் எடுத்தா இதுலயே குடிக்கச் சொல்லு."

சற்று முன் நித்யா போன் செய்தாள். "அப்பா... நாளைக்கு உங்களுக்குச் சமைக்கவா, வேணாமா?" எந்த மகளும் எந்த அப்பனிடமும் கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"ஒரு அண்டா சோறு வடி தாயி. பசியோட வாரேன்" என்றேன்.

நம் வீட்டில் அவள் வெந்நீர்கூட வைத்ததில்லை, அண்ணே. உப்பு எம்புட்டுப் போடுகிறாள் என்று எனக்கு நாளைக்கே தெரிந்தாக வேண்டும்.