சுபைதா ஏசாத நோன்பு மாதம்

1972 ஒக்டோபர் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. மாத்தளை டவுனில் ஆள் நடமாட்டமே இல்லை. அசர் தொழுகைக்கு முன்பே புடைவைக் கடையைப் பூட்டிவிட்டேன். வரும் வழியில் கத்தரிக்காய். பாதி சொத்தை, வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. சுபைதா கையில் எடுத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு."

எதைக் கொண்டு வந்தாலும் இப்போது நல்லா இருக்கு. முன்பென்றால் வாசலிலேயே தொடங்குவாள். "இத யாரு ஒங்கட தலையில கட்டின? கண்ண கடையில வச்சிட்டா வந்தீங்க?" மனைவியிடம் ஏச்சு வாங்க ஏங்குகிற மனிதன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

நோன்பு பிடிக்க வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. இன்று மறந்து தண்ணீர் குடித்துவிட்டாள். நினைவு வந்ததும் அழுகை. மறந்து குடித்தால் முறியாது என்றேன்.

"அப்ப நான் இன்னும் நோன்பா?"

"நோன்புதான் புள்ள."

கஞ்சி நானே காய்ச்சினேன். உப்புக் கூடிவிட்டது.

ஒக்டோபர் 14, சனி

மாத்தளை ஸ்டேஷனிலிருந்து கண்டிக்குக் கோச்சியில். என் தோளில் சாய்ந்து தூங்கினாள். உக்குவளையில் விழித்து, எங்கே போகிறோம் என்றாள். டொக்டரிடம் என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கேள்வி.

எட்டு வருடத்துக்கு முன் கொழும்பில் மூளைக் கட்டிக்கு லைட் பிடித்தார்கள், கதிர் வைத்தியம். கட்டி கரைந்தது. இடது காதுக்கு மேல் முடி முளைக்கவேயில்லை, பிறகு அந்தக் காதும் அடைத்தது. போகட்டும், ஆள் இருக்கிறாளே என்றிருந்தேன். இப்போது கால் இழுக்கிறது, பேச்சுக் குறைந்துவிட்டது, மறதி. கட்டி திரும்பிவிட்டதோ என்ற பயத்தில்தான் போனது.

டொக்டர் நிதானமாகச் சொன்னார்: "கட்டி வந்த மாதிரித் தெரியல்ல. அப்ப பிடிச்ச லைட் பக்கத்தில உள்ள நல்ல மூளையையும் சுட்டிருக்கு. சில பேருக்கு அது வருஷக்கணக்குப் போய்த்தான் தெரியும்."

"பழையபடி ஆகுமா?"

"இல்லீங்க. ஆனா அந்த லைட் இல்லாட்டி இந்த எட்டு வருஷமும் இல்ல."

வெளியே வந்து அவளுடைய முக்காட்டைச் சரிசெய்துவிட்டேன். யார் மேல் கோபப்படுவது? தெரியவில்லை.

ஒக்டோபர் 17, செவ்வாய்

மகள் நஸீமா கலேவெலயிலிருந்து வந்தாள். குசினிக்குள் போனவள் அப்படியே நின்றாள். அடுப்பில் வெறும் சட்டி, அடி கருகி. புகைக்குள் சுபைதா, அமைதியாக.

"உம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன் வாப்பா. நீங்க கடைக்குப் போனா யாரு பார்க்கிற?"

"பெருநாள் முடியட்டுமே."

"பெருநாள் வரைக்கும் வீடு இருக்குமா? புகை வாரதும் தெரியாம இருக்காங்க, நீங்க பெருநாள்ண்டு சொல்றீங்க."

அவளுடைய உம்மாவின் அதே குரல், அதே வேகம். பதில் சொல்லாமல் இருந்தேன், இன்னும் கொஞ்சம் ஏசட்டும் என்று.

ஒக்டோபர் 19, வியாழன்

மழை விட்டது. நேற்று முழுக்க யோசித்து நஸீமாவிடம் சரி சொல்லிவிட்டேன். அவள் சொல்வதுதான் நியாயம். சுபைதாவின் சாரிகளைப் பையில் மடித்து வைத்துவிட்டு, "கலேவெலைக்குப் போவமா உம்மா?" என்றாள்.

சுபைதா என்னைப் பார்த்தாள். பிறகு மகளை அருகில் இழுத்து இரகசியமாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னாள். காது மந்தம், குரல் உரக்கவே வந்தது.

"பாவம், இந்த மனிசன் தனிய. பொண்டாட்டி வாராவா வாராவாண்டு பார்த்துட்டே இருக்கார். அவ வார வரைக்கும் நான் இங்க இருக்கேன்."

நஸீமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாரிகளை அலுமாரியில் திரும்ப வைத்ததும் அவள்தான். பின்னேர பஸ்ஸில் தனியாகப் போனாள். கடையை வீட்டு முன்னறைக்கே கொண்டுவரப் போகிறேன். யாவாரம் குறையும், பரவாயில்லை.

நோன்பு திறந்த பிறகு சுபைதா என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டாள், "ஒங்கட பொண்டாட்டி எப்ப வருவா?"

"தெரியாது," என்றேன். "நீங்க இருங்க."