சாக்கில் விழுந்த மழை

22.1.1963

புதிய தலைமையாசிரியர் என் சித்திர வகுப்புக்கு வந்தார். நான் வரைந்து சுவரில் சாத்தியிருந்த படத்தைத் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

"டீச்சர், இது முடிஞ்சுதோ, இனித்தான் துவங்கப் போறியளோ?"

நல்ல கேள்வி. எனக்கே தெரியாது. பிள்ளைகளுக்குப் பூச்சாடி வரையப் படிப்பித்தால் போதுமாம். முரசுமோட்டையில் யார் வீட்டில் பூச்சாடி!

27.1.1963

கொழும்பிலிருந்து சாயம் எடுப்பிக்க வழியில்லை. நெற்சாக்கில் புளியங்கொட்டைப் பசை பூசிக் காயவிட்டு, அதன்மேல் சலவை நீலம், விளக்குக் கரி, சிவப்புக் கிரவல் மண். விளாம்பிசின் கலந்தால் ஒட்டும். பசையைக் கரப்பான் தின்கிறது. இதுவரை என் கலையை ருசித்தவர் அவர் ஒருவரே.

கீறுவது வயலைத்தான். ஆனால் வரம்பு, கொக்கு எல்லாம் இல்லை. வெயிலில் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் ஒன்று மிஞ்சுமே — அது. வருகுதில்லை. எதைச் சேர்த்தாலும் வயலாகவே வந்து தொலைக்கிறது.

3.2.1963

மாங்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை யோகலிங்கம், ரெயில்வேயில் கிளாக்கர். அண்ணன் என் படங்களையெல்லாம் முன்கூட்டியே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் தாய் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"சாக்கு ஊத்தையாக் கிடக்கு. தோய்க்கேல்லையோ?"

தேத்தண்ணியோடு வந்த மச்சாள், அண்ணன் பெண்சாதி, அப்படியே குசினிக்குள் திரும்பிவிட்டார். போனது சிரிக்கவா, அழவா, எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை பெருந்தன்மையானவர். "கலியாணத்துக்குப் பிறகு இதை விட்டிட்டால் சரி" என்றார்.

"ஓம், விட்டிடுவள்" என்றார் அண்ணன், என்னை ஒரு சொல் கேட்காமல்.

"இல்லை, விடமாட்டன்" என்றேன்.

4.2.1963

சுதந்திர தினம். அண்ணன் என்னோடு கதைக்கவில்லை.

12.2.1963

யாரும் கேட்காத மழை. வெட்டிக் குவித்த நெல்லை மூடப் படங்கு போதவில்லையாம். அண்ணன் என் படங்களைக் கொண்டுபோய்ப் போர்த்தியிருக்கிறார். எல்லாத்தையும்! பள்ளிக்கூடத்தாலை வந்து பாக்கிறன் — நீலம் ஒழுகி ஓடுது.

"என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே, அண்ணை?"

"சாக்குத்தானே."

இத்தனை நாளைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதற் சொல். நெல்லும் வேணும்தானே. நானும் சோறு தின்னிறனான்தானே. அழுகையா வருது.

13.2.1963

வெயில். சாக்குகளை வேலியில் போட்டேன். எரிப்பதற்கும் முதலில் காய வேண்டுமே.

எரிக்கவில்லை. நீலம் போய்விட்டது. கரி இழைகளுக்குள் மட்டும் தங்கியிருக்கிறது. கிரவல் சிவப்பு ஒரு மூலைக்கு வழிந்து உறைந்திருக்கிறது. வயல் இல்லை, வயலின் வெக்கை இருக்கிறது. நான் மாதக்கணக்காய்ச் சேர்த்துச் சேர்த்துத் தேடியதை மழை ஒரு பொழுதில் கழித்துக் காட்டிவிட்டது. சித்திரச் சான்றிதழ் மட்டும் என்னிடம்.

24.2.1963

இப்போது பூசுகிறேன், பிறகு கிணற்று நீரால் கழுவுகிறேன். "பூசிறதும் கழுவிறதும்! இதுக்கு என்ரை சட்டியளைக் கழுவித் தரலாம்" என்கிறார் மச்சாள்.

மாங்குளத்தார் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தரகர் போனபின் அண்ணன் வெகுநேரம் வேலிப் படலையடியில் நின்றார். அப்பா போனபின் என்னைக் கரைசேர்க்க அலைகிற மனுசன். என்றாலும் விடமாட்டேன்.

10.3.1963

முற்றத்தில் பூசி முடித்த பெரிய சாக்கு. வாளியைத் தூக்க முடியாமல் இழுத்து வந்தேன். வயலால் வந்த அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாளியை வாங்கினார்.

"எங்கை ஊத்திறது?"

"மேல் மூலையிலை. மெல்ல."

தேவைக்கு மேலாகத்தான் ஊற்றினார். நான் அடுத்த வாளிக்குக் கிணற்றடிக்குப் போனேன்.