கருப்பட்டியும் கோழிக்குழம்பும்

ஞாயிறு, இரவு.

மனைவியின் அண்ணனான மச்சான்மீது எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. பெரும்பாக்கத்தில் அவர் வீட்டு மதிய விருந்தில், உறவினர் அனைவர் முன்னிலையிலும், என் இலைக்கு வந்த கோழிக்குழம்பைக் கைநீட்டித் தடுத்தார். "அவரு சுகர் பேஷண்ட்மா, சிக்கன்லாம் சூடு. சாதம் நிறைய போட்டு ரசம் ஊத்து." அவர் மனைவி கூடவே பாயசமும் வைத்தார். "கருப்பட்டிதாண்ணா, ஒண்ணும் பண்ணாது."

சர்க்கரையை ஏற்றுவது சோறும் கருப்பட்டியும்தான், கோழி அன்று என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த வாரமும் அளவு குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் எச்சரித்திருப்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. பாயசத்தை ஒதுக்கினேன். ஒரு கரண்டிக்கு மேல் சாதத்தை மறுத்தேன். பந்தியில் பாதியில் எழுவது முறையன்று. ஆயினும் எழுந்து சென்று குழம்பை நானே எடுத்து வந்தேன்.

"ஆசை யாரை விட்டுச்சு மாப்ள!" என்றார் மச்சான். பந்தியே சிரித்தது. என் மனைவி கமலா தலை நிமிரவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் விரலைக் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டு. போன வாரம் இருநூறைத் தாண்டியிருந்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

கமலா எட்டிப் பார்த்தாள். "அப்போ ஊசி வேணாம்ல?"

"வேண்டாம்."

அவள் பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதே குழம்பு. "கேக்காமதான் எடுத்துட்டு வந்தேன். ராத்திரி தோசைக்கு அண்ணன் தேடட்டும்."

மச்சானை மன்னிப்பதாக இல்லை. அந்தக் குழம்புக்கு நாளை மதியம் இரண்டு சப்பாத்தி போதும் என்று கமலாவிடம் சொல்லியிருக்கிறேன்.