நாலு வகைப் பேப்பரும் நாத்தனார் முகமும்

ஜூன் 3, செவ்வாய்

பேப்பர் வந்துவிட்டது. மூன்று வகை. மெல்லியது ஒன்று, கனமானது ஒன்று, சூடு பட்டால் துணியோடு லேசாக ஒட்டிக்கொள்வது ஒன்று.

"துணியில படம் போடறதுக்குப் பேப்பர்ல மூணு வகையா? பேப்பர்னா பேப்பர்தானே?" என்றார் இவர். ஸ்பேனரில் மட்டும் பதினெட்டு வகை வைத்திருக்கும் லிப்ட் மெக்கானிக் கேட்கிற கேள்வியா இது? சும்மா பார்த்தேன். குளிக்கப் போய்விட்டார். போகிற போக்கில், "நாலாவதா என் ஆபீஸ் பேப்பரையும் போட்டுப் பாரேன்" என்று ஒரு கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பல் டாக்டர் மறுபடியும் போன் செய்தார். கிளினிக்கைப் புதுப்பிக்க இரண்டு மாதம் மூடியிருக்கிறார்கள், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி திறக்கிறார்கள். "முப்பதாம் தேதிக்குள்ள வரீங்களா இல்லையான்னு சொல்லிடுங்கம்மா. இல்லன்னா நான் வேற ஆள் பார்க்கணும்." பதினோரு வருடமாக அந்த முன் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எந்தப் பக்கம் வலி என்று கேட்டவள் நான். வருகிறேன் என்று சொல்ல இப்போது வாய் வரவில்லை. பின்னறையில் பிரிண்டரும், படத்தைச் சூட்டில் துணியில் அழுத்தும் ஹீட் பிரஸ்ஸும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை விட்டுப் போக மனசே இல்லை.

ஆனால் இதுவரை உருப்படியாக ஒரு சட்டைகூட வரவில்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும் அல்லவா.

ஜூன் 5, வியாழன்

மேல் மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தார். இவருடைய அக்கா, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் பேனாவால் பிழை திருத்திவிட்டு, பிறகுதான் தேதி பார்ப்பார். சிவப்பு மை என்று நானும் இவரும் ரகசியமாகப் பெயர் வைத்திருக்கிறோம்.

பிரஸ்ஸைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "வீட்டுல பண்றதெல்லாம் ரெண்டு தடவை துவைச்சா போயிடும்."

"போகாது அண்ணி. இது மேலே பூசற மை இல்ல. பேப்பர்ல அச்சடிச்சு, துணி மேல வெச்சு, சூட்டுல அழுத்தினா மை ஆவியாகி நூலுக்குள்ளயே போயிடும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நிரூபி."

அப்புறம்தான் குண்டைப் போட்டார். அவருடைய காலை நடைக்குழுவுக்குப் பன்னிரண்டு சட்டை வேண்டும், இருபத்திரண்டாம் தேதி நடைப் போட்டி. "நல்லா வந்தா எங்க பழைய ஸ்கூல்ல விளையாட்டு விழா சட்டை மொத்தத்தையும் உனக்கே வாங்கித் தரேன். நல்லா வரலைன்னா, எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சிட்டு ஒழுங்கா பல் டாக்டர்கிட்ட போ."

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

ஜூன் 6, வெள்ளி

பேப்பரில் ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருக்கும், அந்தப் பக்கத்தில்தான் அச்சடிக்க வேண்டும். எது அந்தப் பக்கம் என்று பேப்பர் சொல்வதாக இல்லை. விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டேன். "விரலை ஈரம் பண்ணி ஓரத்துல தொடுங்க மேடம். ஒட்டற பக்கம்தான் முகம்" என்றார். அரை மணி நேரம் பேப்பர் பேப்பராகத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

நாலு பேப்பருக்கும் ஒரே படத்தை அடித்தால்தான் எது நல்லது என்று தெரியும். பிரிண்டரோடு வந்த மாதிரிப் படத்தில் பழங்கள் இருக்கின்றன. பழம் எந்த நிறத்தில் வந்தாலும் அது சண்டைக்கு வராது. மனிதத் தோல் வேண்டும். நல்ல கறுப்பு வேண்டும். நரை முடி மாதிரி மெல்லிய கோடுகள் வேண்டும்.

மதியம் இரண்டரை மணிக்கு எல்லாம் சேர்ந்து எங்கள் ஹாலிலேயே கிடைத்தது. சாய்வு நாற்காலியின் கோடு போட்ட துணியில் தலை சாய்த்து, கறுப்பு பிரேம் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கி, நரைமுடி கலைந்து, வாய் முழுசாகத் திறந்து — சிவப்பு மை தூங்கிக்கொண்டிருந்தார்.

போனை எடுத்தேன். தொழிலுக்காகத்தான்.

ஜூன் 11, புதன்

இன்று முழுவதும் அண்ணியை அழுத்தினேன். பிரஸ்ஸில்.

சோதனைத் துணி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. இவருடைய பழைய பாலியஸ்டர் விளையாட்டுப் பனியன் காணாமல் போய் மூன்று நாள் ஆகிறது. தேடுகிறார். நானும் கூடவே தேடுகிறேன்.

ஆபீஸ் பேப்பர் மையைக் குடித்துவிட்டுத் துணிக்குக் கொஞ்சம்தான் கொடுத்தது. துணியில் அண்ணி பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவர் போல வெளிறி வந்தார். பேப்பரில் என்னவோ இன்னும் ஆரோக்கியமாகவே இருக்கிறார். மெல்லிய பேப்பர் மை ஈரத்தில் ஓரம் சுருண்டு பிரிண்டருக்குள் இடித்தது. மேல் உதட்டில் கறுப்பாக ஒரு இழுப்பு. மீசை அண்ணிக்குப் பொருத்தமாகவே இருந்தது, அதுதான் பயம்.

கனமான பேப்பரில் தோல் நிறம் அப்படியே வந்தது. மரியாதைக்கு எழுந்து நிற்கப் பார்த்தேன். ஆனால் பிரஸ்ஸைத் தூக்கும்போது பேப்பர் ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது. சூடு இருக்கும்வரை மை கிளம்பிக்கொண்டேதானே இருக்கும்! முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம். அண்ணிக்கு இரண்டு வாய். இரண்டும் திறந்திருக்கின்றன.

கடைசியாக ஒட்டும் பேப்பர். காய நேரம் எடுக்கிறது, அவசரப்பட்டால் பிரிண்டர் சக்கரத்தின் தடம் விழுகிறது. பொறுமையாகக் காயவிட்டேன். சூடு பட்டதும் துணியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது. உரித்தால் — நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக. வாய் ஒன்றே ஒன்று. இதுதான் பேப்பர். முடிவாகிவிட்டது.

மாலையில் இவர் நாலு அக்காவையும் வரிசையாகப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவ பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் பெஞ்ச் மேல ஏத்திடுவா!" பிறகு துணியைத் தடவிப் பார்த்தார். "இது என்ன, என் பனியன் மாதிரி இருக்கு?"

காபி கொண்டுவருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மாதிரிச் சட்டையில் குழுவின் பெயரை அடித்தேன். 'நிற்காதே.' பேப்பரில் திருப்பிப் போட்டு அச்சடிக்க மறந்துவிட்டேன், துணியில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி வந்துவிட்டது. பனியனுக்கு ஈடாக அதை இவருக்கே கொடுத்தேன். வேலைக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நடுவில் நின்றுபோன ஒரு லிப்டைச் சரிசெய்தாராம். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர்கள் லிப்ட் கண்ணாடியில் அதைச் சரியாகப் படித்தார்களாம். நிற்காதே. ஒருவர்கூடச் சிரிக்கவில்லையாம்.

ஜூன் 16, திங்கள்

பன்னிரண்டும் முடிந்தது! எழுத்து கத்தி மாதிரி இருக்கிறது. நிழல் இல்லை, கறை இல்லை.

முன்பக்கத்து மை பின்பக்கத்துக்கு இறங்காமல் இருக்கச் சட்டைக்குள் ஒரு பேப்பர் வைக்க வேண்டும். நல்ல பேப்பரை எதற்கு வீணாக்குவது என்று கிடந்த பழைய ஆபீஸ் பேப்பர் ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்தேன். கெட்டிக்காரி நான். முதல் சட்டை அண்ணியுடையது, தலைவி அல்லவா.

ஜூன் 17, செவ்வாய்

மாடிக்குப் போய்ப் பன்னிரண்டையும் கொடுத்தேன். ஸ்கேலை எடுத்து எழுத்து நேராக இருக்கிறதா என்று அளந்தார். மடிப்பைப் பிரிக்கவில்லை. "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த 'ம்' வருவது பத்துக்கு எட்டு மதிப்பெண்.

ஜூன் 18, புதன்

ஐயோ.

பின்னறையைப் பெருக்கினேன். அந்த ஆபீஸ் பேப்பர் கீழே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் வெறும் மங்கல். இதில்தானே அண்ணி ஆரோக்கியமாக இருந்தார்? பேப்பரில் இருந்த அண்ணி எங்கே போனார்?

எங்கே போவார்! சட்டைக்குள்ளதான் போயிருக்கார். துணிக்குக் கொடுக்காம அந்தப் பேப்பர் அமுக்கி வெச்சிருந்த மையெல்லாம் மறுபடி சூடு பட்டதும் கிளம்பிடுச்சு. படம் கீழ்ப்பக்கமா வெச்சேன், அப்போ முதுகுப் பக்கம், உள்ளே. முதல் சட்டையிலதான் நல்லா விழுந்திருக்கும். முதல் சட்டை யாருது?

நான் செத்தேன்.

ஜூன் 19, வியாழன்

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது சட்டைக்காரர்களிடம் இன்னொரு முறை அழுத்தித் தருகிறேன் என்று வாங்கிப் பார்த்தேன். இரண்டாவதில் ஒரு கண்ணாடியும் வாயும். மூன்றாவதில் மஞ்சளாக ஏதோ பூசணிக்காய். இரண்டுக்கும் பதில் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாலாவதில் ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகு அழுத்தியவற்றிலும் இருக்காது.

அண்ணியிடம் போய், "உங்க சட்டையில ஒரு தையல் பிரிஞ்சிருக்கு, கொடுங்க" என்றேன். வெளிப்பக்கமாக ஒவ்வொரு தையலையும் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

"ஒண்ணுமில்ல அண்ணி."

ஜூன் 22, ஞாயிறு

போட்டியில் மூன்றாம் இடம். அண்ணி முன்னால் நடந்தார், நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஓரமாக ஓடினேன். பாதி வழியில் வியர்த்ததும் பின்னால் வந்தவர், "முதுகுல ஏதோ மஞ்சளாத் தெரியுதே?" என்றார். "வெயில்!" என்று கத்தினேன். மேகமூட்டமாக இருந்தது.

ஜூன் 23, திங்கள்

சாயம் வெளுக்காமல் இருக்க அண்ணி எல்லாத் துணியையும் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் காயப்போடுவார். இது எனக்கு ஏன் முன்பே நினைவு வரவில்லை?

காலை எட்டு மணி. மாடிக் கொடியில் நாத்தனார் முகம், தெருவைப் பார்த்து, வாய் திறந்தபடி ஆடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 25, புதன்

மூன்று நாளாக அதே சட்டைதான் கொடியில். தினமும் துவைக்கிறார். நேற்று இரண்டு முறை. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை, மனசு ஆறும். இவர் அக்காவைத் தவிர்க்கப் பின்படியில் ஏறி இறங்குகிறார். நல்ல துணை.

பல் டாக்டருக்கு வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வைத்துவிட்டேன். ஒரு நாள் பொறுப்போம்.

ஜூன் 27, வெள்ளி

வந்தார். கையில் சட்டை, இன்னொரு கையில் ஒரு தாள். இவர் பின்கதவு வழியாகப் போய்விட்டார்.

சட்டையை உள்பக்கமாகத் திருப்பி மேசையில் விரித்தார். அண்ணியும் அண்ணியும் என்னையே பார்த்தார்கள். ஒருவருக்குக் கண் மூடியிருந்தது.

"வாயை மூடிட்டு இருக்கும்போது ஒரு படம் எடுக்கணும்னு தோணலையா உனக்கு?"

"அப்படி ஒரு நேரம் கிடைக்கலை அண்ணி."

சொல்லிவிட்டேன்! நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொல்லியாகிவிட்டது. அண்ணி உதட்டை இறுக்கினார். கன்னம் துடித்தது. அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருபது வருடத்தில் நான் பார்த்திராத சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"மன்னிச்சுடுங்க அண்ணி. தெரிஞ்சு பண்ணலை."

"படம் எடுத்தது தெரிஞ்சுதானே?"

தாளை நீட்டினார். சிவப்பு மையில் கட்டம் போட்டு எழுதியிருந்தது. ஊறவைத்தது, பிரஷ் போட்டது, வெந்நீர், மறுபடி பிரஷ் — ஏழு சலவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'மாற்றம் இல்லை.'

"என் மூஞ்சியை அழிக்க நான் பாடுபட்ட மாதிரி யாரும் எந்தச் சட்டையையும் துவைக்கப் போறதில்ல" என்றார். "போகலை. நீ சொன்னது சரி. ஸ்கூல்ல பேசிட்டேன், வர்ற வாரம் போய் அளவு எடுத்துக்க. உள்பக்கம் யார் மூஞ்சியும் இருக்கக் கூடாது."

போகும்போது சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதை ஏன் திருப்பித் தரவில்லை என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஜூன் 30, திங்கள்

"வரலை டாக்டர்" என்றேன். "பல் வலிச்சாலாவது வாங்கம்மா" என்றார். நல்ல மனிதர்.

ஜூலை 4, வெள்ளி

ஸ்கூல் சட்டைக்கு அளவு எடுத்துவிட்டு வந்த களைப்பு. மதியம் பின்னறை மேசையில் தலை சாய்த்தேன், கண் அசந்துவிட்டது.

எழுந்து பார்த்தால் போனில் அண்ணியிடமிருந்து ஒரு படம். மேசை மேல் என் தலை. கன்னத்தில் பேப்பர் கட்டின் தடம். வாய், வாசல் கதவு மாதிரி திறந்து கிடக்கிறது. கீழே, 'குஷன் உறை ஒன்று. எங்கள் ஹால் சோபாவுக்கு. தோல் நிறம் சரியாக வர வேண்டும்.'

ஆர்டர் ஆர்டர்தான். எந்தப் பேப்பர் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒட்டும் பேப்பரையே எடுத்தேன்.

எனக்கு ஒரு வாய் போதும்.