முப்பத்திரண்டு என்று எழுதியவள்

நேற்றுக் காலை தாம்பரம் பஸ் நிலையத்தில் நம் புடவையைப் பார்த்தேன்.

கோவளத்திலிருந்து வந்த பஸ்ஸின் பின்படியில் ஒரு மீன்காரம்மா இறங்கினாள். தலையில் அலுமினியக் கூடை. உடம்பில் அந்த நீலம், ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. வெளுத்திருந்தது, வரிந்து கட்டியிருந்தாள், மீன் வாடை அடித்தது. ஆனாலும் அதுதான். வேறெங்கும் அந்த நீலம் கிடையாது.

"இந்தப் புடவை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

ஏற இறங்கப் பார்த்தாள். "பல்லாவரம் சந்தைல. பழந்துணிக்காரன்கிட்ட. ஏன், உன்துதா? நடுரோட்ல அவுத்துக் குடுக்கச் சொல்றியா இன்னா?"

பக்கத்தில் பூ விற்றவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்லூரிக்குப் போகவேண்டிய பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உனக்கு மூன்று முறை எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் நம் ரயில் பயணங்களை எழுதினேன், உன் சிரிப்பை எழுதினேன். எழுதவேண்டியதை எழுதவில்லை.

அந்த நீலம் நம்முடையது அல்ல. அதை நீதான் முதல் வாரமே சொன்னாய். தனியார் விமானங்களுக்கு அனுமதி வந்த புதிது. நம் கம்பெனியிடம் இரண்டு விமானங்கள். ஒன்று பறக்கும், மற்றொன்று எப்போதும் பழுதுபார்க்கப்படும். விசிறி வைத்த சின்ன விமானங்கள், நாற்பது பேர் உட்காரலாம். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி. ஆனால் விமானத்தின் மேல் பூசியிருந்தது பம்பாயிலிருந்த பெரிய கம்பெனியின் வண்ணம். டிக்கெட்டில் அவர்கள் பெயர். நாம் கட்டியது அவர்கள் புடவை. பயணிகளைச் சேர்ப்பது அவர்கள், பறப்பது நாம். நம் கம்பெனியின் பெயர் கதவுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவு எழுத்தில் இருந்தது. ஏறுகிறவர்கள் படித்ததில்லை.

"நம்மகிட்ட பிளேன் இருக்குடி. பாசஞ்சர்தான் இல்ல. இரவல் பாசஞ்சர்," என்றாய்.

நான் எம்.ஏ. முடித்த திமிரில் இருந்தேன். இதில் பெரிய தத்துவம் ஏதோ இருப்பதாக நினைத்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். நீ சொன்னது தத்துவம் இல்லை. நிலவரம்.

காலை ஐந்தே காலுக்கு நீ இரும்புலியூரிலிருந்து நடந்து வருவாய். நான் முடிச்சூர் சாலையிலிருந்து சைக்கிளில் வந்து ஸ்டேஷனில் நிறுத்துவேன். மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். திரிசூலத்தில் இறங்கிச் சாலையைத் தாண்டினால் விமான நிலையம். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நீ எனக்குத் தலை பின்னிக் கொண்டை போட்டுவிடுவாய். எனக்கு அது வராது. பெரிய கம்பெனியின் விதிகளில் கொண்டையும் ஒரு விதி.

மேலும் ஒரு விதி இருந்தது. பம்பாய் விமானத்தில் வருகிற பயணிகளில் யாராவது கோயம்புத்தூருக்கு மாறவேண்டியிருந்தால் நம் விமானம் காத்திருக்கவேண்டும். பம்பாய் விமானம் நேரத்துக்கு வந்ததில்லை. ஆக நம்முடையதும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை.

தாமதத்துக்கு ஒரு சீட்டு எழுதவேண்டும். காரணத்தை எண்ணில் போடவேண்டும். தொண்ணூற்றொன்று என்றால் வேறு விமானத்தின் பயணிகளுக்காகக் காத்திருந்தோம். முப்பத்திரண்டு என்றால் சுமை ஏற்றுவதில் நம் ஆட்கள் தாமதம். கீழே டியூட்டி ஆபீசரின் ரப்பர் முத்திரை, அதன்மேல் கையெழுத்து. டியூட்டி ஆபீசர் நீ. மாலைக்குள் சீட்டின் நகல் பம்பாய்க்குப் போகும்.

நீ எப்போதும் தொண்ணூற்றொன்று எழுதினாய். அது உண்மை. ஏகாம்பரமும் அவர் ஆட்களும் பெட்டிகளை ஏற்றி முடித்து, இறக்கையின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

"இன்னா மேடம், மாப்ள ஊட்டுக்காரங்க இன்னும் வர்லியா?" என்று கத்துவார் ஏகாம்பரம். பம்பாய் விமானத்துக்கு அவர் வைத்த பெயர் அது.

"வராங்களாம். மேக்கப் முடியல," என்பாய்.

"நாங்க எல போட்டு பந்தி பரிமாறிட்டு ஒக்காந்துகினுகீறோம். சோறு ஆறிப்பூடும்னு சொல்லுங்க."

அவருக்குத் தன் வேலையில் கர்வம் இருந்தது. நாற்பது பேரின் பெட்டிகளை எத்தனை நிமிஷத்தில் ஏற்றினோம் என்று ஒவ்வொரு நாளும் உன்னிடம் மணி கேட்பார். போன வாரத்தைவிட அரை நிமிஷம் குறைந்தால் தன் ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்.

ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருந்தபோது மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அந்த வாரம் அவர் சரியாகச் சவரம்கூடச் செய்திருக்கவில்லை.

"ரினியூவல் வர்ற நேரம்மா. தினம் தொண்ணூத்தொண்ணு, தினம் தொண்ணூத்தொண்ணு. உங்க பிளேன் லேட்டு, உங்க பிளேன் லேட்டுன்னு நாமளே அவங்களுக்கு லெட்டர் போடற மாதிரி இருக்கு. அவங்களை விட்டா நமக்கு வேற யாரு? கொஞ்ச நாளைக்கு முப்பத்திரண்டுன்னு போடுங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

"சார், லோடர்ஸ் வேலையை முடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. அவங்க மேல எப்படி சார் போடறது?"

"அவங்க மேல இல்லம்மா. நம்பர் மேல."

"அந்த நம்பருக்குப் பேரு இருக்கு சார். ஏகாம்பரம்."

நீ எழுத மறுத்தாய். மேனேஜர் கோபப்படவில்லை. சீட்டுப் புத்தகத்தையும் உன் முத்திரையையும் என் பக்கம் தள்ளினார். "அவங்களுக்கு வேலை அதிகம். இனிமே நீங்க எழுதுங்க. அவங்க சார்பா போட்டா போதும்."

நான் எடுத்துக்கொண்டேன்.

ஏன் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை வேண்டும் என்பது ஒரு காரணம். அது சின்னது. பெரியது, நான் எல்லோரையும் காப்பாற்றுவதாக நம்பினேன். கம்பெனியில் அறுபது பேர் சாப்பாடு ஒரு ரினியூவல் கடிதத்தில் தொங்குகிறது, ஒரு எண்ணை மாற்றினால் என்ன. நீ நேர்மையில் பிடிவாதமாக இருக்கிறாய், நான் விவரமாக இருக்கிறேன். அப்படித்தான் நினைத்தேன். உன் பெயர் பொறித்த முத்திரையை அழுத்திக் குத்தி, அதன்மேல் என் கிறுக்கலைப் போட்டேன். அது யார் பெயராகவும் இருக்கலாம். நாலு மாதம், வாரத்தில் நாலைந்து நாள். முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு.

ஒருநாள் திரும்பும் வண்டியில், குரோம்பேட்டை தாண்டியதும், நீ சொன்னாய்: "முத்திரை என்னுதுடி."

"ரினியூவல் ஆகட்டும். அப்புறம் பழையபடி எழுதிக்கலாம்," என்றேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் என் தலையைப் பின்னினாய். கொஞ்சம் இறுக்கமாக. அதுவும் என் கற்பனையாக இருக்கலாம்.

கடிதம் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். இருந்திருக்கும். இறக்கி ஏற்றுகிறவர்கள் இளைப்பாறும் கொட்டகையில் எல்லோரையும் நிற்கவைத்து மேனேஜர் படித்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. வேறொரு சின்னக் கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது. காரணம்: சுமை ஏற்றுவதில் தொடர்ந்த தாமதம். ஆதாரம்: உங்கள் நிலையமே கையெழுத்திட்டு அனுப்பிய சீட்டுகள். நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.

அவர்களைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று நாம் நம் தலையில் போட்டுக்கொண்ட ஒவ்வொரு நிமிஷத்தையும் அவர்கள் பத்திரமாகக் கோத்து வைத்திருந்தார்கள். நம்மை விடுவதற்கு ஏற்கெனவே முடிவெடுத்திருப்பார்கள் என்று கம்பெனி மூடுவதற்கு முன் ஒருமுறை நீ சொன்னாய். இருக்கலாம். ஆனால் கயிறு நாம் திரித்துக் கொடுத்தது. நான்.

ஏகாம்பரம் முன்னால் வந்தார். "நாங்க லேட்டா? எந்தப் பேமானி சார் எழுதினான்?"

மேனேஜர் கடிதத்தை மடித்தார். சீட்டு நகல்களின் கற்றை மேஜைமேல் கிடந்தது. ஏகாம்பரம் எடுத்துப் பார்த்தார். தமிழ் மட்டும் படிப்பார். பக்கத்திலிருந்தவன் முத்திரையைப் படித்துச் சொன்னான்.

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள்.

நீ என்னைப் பார்த்திருந்தால் போதும். ஒரு கணம் திரும்பியிருந்தால் நான் உடைந்து சொல்லியிருப்பேன். இதையும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன், உன் கண்மேல் பழி போட்டு. நீ திரும்பவில்லை. "என் முத்திரைதான்," என்றாய். பொய் இல்லை. நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கையில் டம்ளர் இருந்தது. குடித்தேன். அதைச் சொல்லவேண்டும். அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடித்தேன்.

"ஒன்கூடச் சிரிச்சிகினு இருந்தோமேம்மா," என்றார் ஏகாம்பரம். அவர் உன்னை ஒருமையில் பேசியது அந்த ஒருமுறைதான்.

இரண்டே மாதத்தில் கம்பெனியை மூடினார்கள். நம்மிடம் விமானம் இருந்தது. பயணி இல்லை.

நீ குரோம்பேட்டையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் சேர்ந்தாய். எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டோம், மார்க்கெட்டில், ரயிலில், உன் வீட்டு மாடியில். நிறையப் பேசினோம். நான் படித்த புத்தகங்கள், உன் தம்பியின் கல்யாணம், மெட்ராஸின் பெயர் மாறியது. அந்தக் கொட்டகையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்தது. பிறகு உனக்குக் காய்ச்சல் என்றார்கள், பிறகு வேறு பெயர் சொன்னார்கள். கல்லறைக்கு நம் பழைய ஆட்களில் நாலைந்து பேர் வந்தார்கள். ஏகாம்பரம் வரவில்லை. வந்த ஒருவர் என் காதருகில், "நல்ல பொண்ணு, அந்த ஒரு காரியத்தைத் தவிர," என்றார். அப்போதும் தலையை ஆட்டினேன்.

இன்று காலை பம்மலுக்குப் போனேன். லாரி ஷெட்டில் ஏகாம்பரம் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, துண்டை உதறி, டீ சொன்னார். கல்யாணம் ஆச்சா மேடம் என்று விசாரித்தார்.

"அந்தச் சீட்டெல்லாம் நான் எழுதினது. அவ இல்ல," என்றேன்.

"எந்தச் சீட்டு?"

"முப்பத்திரண்டு."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மொத்தமுமா?"

"மொத்தமும். உங்க மேல போடமாட்டேன்னு அவ மேனேஜர்கிட்டயே சொன்னா. நான்தான் போட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"போன வருசம் திரிசூலம் ஸ்டேசன்ல பார்த்தேன்," என்றார். "ரொம்ப எளச்சிப் போய் நின்னுகினு இருந்தாங்க. 'ஏகாம்பரம், நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டாங்க. நான் துப்பிட்டுப் போய்க்கினே இருந்தேன்."

லாரிக்காரர் யாரையோ கூப்பிட்டார். ஏகாம்பரம் அசையவில்லை.

"கீழதான் மேடம் துப்பினேன். அவங்க மேல இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா அவங்களுக்குத்தான் துப்பினேன்," என்றார்.

நான் ஏதோ சொன்னேன். மன்னிப்பு என்று தொடங்கும் ஏதோ.

"அவங்க இருக்கசொல்ல சொல்லியிருக்கலாமே மேடம். ஊட்டாண்ட போய் ஒரு வார்த்த பேசியிருப்பேன். இப்ப வந்து என் கைல குடுத்துட்டுப் போறீங்க. நான் யாருகிட்ட கொண்டுபோய் இறக்குவேன்?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிப் பக்கம் போனார். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

நீ இதை என்னிடம் சொல்லவே இல்லை. போன வருஷம் வாரத்துக்கு இரண்டு முறையாவது சந்தித்தோம். அந்த நாள் மாலைகூட என்னோடு வந்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசியிருப்பாய், தெருவில் போட்ட புதுக் குழாயைப் பற்றி. நான் அதற்குச் சிரித்தும் இருப்பேன்.

நீ அவரிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு வரவேண்டிய பதில் இத்தனை நாளும் என்னால் வராமல் நின்றுவிட்டது. இன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், கொடுக்க நீ இல்லை. ஏகாம்பரம் நன்றாக இல்லை. இன்று காலை பத்து மணியிலிருந்து, அதுவும் என்னால், இன்னும் நன்றாக இல்லை.