நீ விட்டுத்தராத கரை

இன்று கடன் ஒப்புதல் வந்துவிட்டது. அலுவலகம் முழுக்க லட்டு. புதிதாக வந்திருக்கும் உதவியாளருக்கு விவரம் தெரியாது. காலியாகக் கிடக்கும் உன் மேஜையிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டார். நெய் வாசனை என் இருக்கை வரை வந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? நம் சோலார் நிலையத்துக்குப் பணம் கிடைத்துவிட்டதடி.

அரசு மின் நிறுவனத்தில் இடம் பார்த்து வரைபடம் போடுவது உன் வேலை, அதற்கு வங்கிகளிடம் கடன் கேட்டு நிற்பது என் வேலை. காலையில் பொன்னேரியிலேயே ரயில் ஏறிவிடும் நீ எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பாய். அனுப்பம்பட்டில் நான் ஏறியதும், "பிச்சைக்காரி வந்துட்டா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று பெட்டியே கேட்கச் சொல்வாய். எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அந்த வண்டியில் இப்போது நின்றுகொண்டேதான் வருகிறேன். உட்கார்ந்தால் பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள்.

புல்கூட முளைக்காத அந்த உப்புத்தரையில் வெயிலாவது விளையட்டும் என்று ஏரியோரத்தைத் தேர்ந்தெடுத்தவளே நீதான். உன் ஊரான தோணிரேவுக்குப் பக்கத்திலேயே. எல்லாம் கூடி வந்த நேரத்தில் நோய் வந்தது. நாள் அதிகமில்லை என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். "முதல் தூண் நடுறதைப் பாத்துட்டா போதும்டி" என்றாய். அந்த ஒரு ஆசைக்காக நான் வங்கிக்காரர்கள் வாசலில் தவம் கிடந்தேன்.

உங்கள் ஊரில் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். "இந்தக் கரையில் நீங்கள் வலை இறக்குகிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார். "நம்முது இல்லீங்க சார்" என்றார் முன்வரிசையில் இருந்த உன் அப்பா, உன் நைனா. மற்றவர்களும் தலையாட்டினார்கள். யாரும் பயன்படுத்தாத நிலம் என்று அறிக்கை எழுதப்பட்டு, தண்ணீர் விளிம்புவரை பேனல் போடும் வரைபடத்தோடு வங்கிக்கும் போய்விட்டது.

அதன் நகலைப் படுக்கையில் படித்த நீ எழுந்தே உட்கார்ந்துவிட்டாய். "இன்னாடி எழுதி வெச்சிக்கிறாங்க! பாடு அன்னைக்குப் பக்கத்து ஊர்க்காரங்களுது. அடுத்தவன் முறையில நின்னுக்கினு எங்க கரைன்னு எங்க நைனா எப்படிச் சொல்லுவாரு?" ஏரியில் எந்த இடத்தில் எந்த ஊர் எப்போது வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முறை வராத நாளில் அந்தத் தண்ணீரையும் கரையையும் தன்னுடையது என்று சொல்வது உங்கள் ஊரில் திருட்டுக்குச் சமம். முறை இருந்தவர்களையோ கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவே இல்லை.

படகு ஏற்றும் கரையை விட்டு பேனல்களை உள்ளே தள்ளியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். அறிக்கையைத் திரும்ப வாங்கி, வரைபடத்தை மாற்றி, செலவை முதலிலிருந்து போட்டு, மறுபடி கடன் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் நீ இருக்க மாட்டாய் என்பதை நான் வாயால் சொல்லவில்லை. "கட்டி முடிச்ச பிறகு வழி விடச் சொல்லலாம்டி" என்று மட்டும் கெஞ்சினேன். "வேலி போட்டப்புறம் எவன் வழி விடுவான்? நான் பாக்கலைன்னா இன்னா, வெளக்கு எரியாதா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. கட்டில் மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு நீயே புது வரைபடம் போட்டாய். கடன் குழு கூடும் முன்பே போய்விட்டாய்.

மதியம் உன் நைனாவுக்குப் போன் செய்தேன். "கரையிலதான் கீறேன்மா, இன்னைக்கு நம்ம பாடு" என்றார். பின்னால் படகு தள்ளுகிறவர்களின் சத்தம். பணம் வந்த சேதியைச் சொன்னேன். படகுச் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போனார். பிறகு கேட்டார்: "ஏம்மா, அன்னைக்குக் கூட்டத்துல ஆமா எங்க கரைதான்னு ஒரு பொய் சொல்லியிருந்தா, முதல் தடவையே சரியா எழுதியிருப்பாங்க இல்ல? எம் பொண்ணு பாத்துட்டுப் போயிருப்பாளா?"

"இல்ல நைனா, அப்பவும் நாள் பத்தியிருக்காது" என்றேன். "அப்படியா" என்று மூச்சு விட்டார். படகு காத்திருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

பத்தியிருக்கும்டி. தேதிகளை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். நீ பார்த்திருப்பாய். அவர் இருக்கும் வரை இது என்னோடு இருக்கட்டும்.